சகலைகள் மாட்டிய ஆயில் கூலர்

குறடு என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே முழிப்பார். துருவேறிய போல்ட்டை ஒரு தடவை பிடித்தால் கழற்றாமல் விடமாட்டார் என்று மாமனார் மெச்சி வைத்த பட்டப்பெயர் அது. பிறகு அவர் மனிதர்களையும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார். முடிவெட்டுகிறவர் ஒருநாள் வாய் சும்மா இல்லாமல், "உச்சியில கொஞ்சம் காலியாகுது சார்" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து குறடு இரண்டு தெரு தாண்டிப் போய் முடி வெட்டிக்கொள்கிறார். அந்த ஆள் எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து மறுபக்கம் நடப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சகலையும் வாய்த்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டறையும் வாய்த்தது. சகலை என்பவன் மனைவியின் தங்கை புருஷன். கிரீஸில் புரளப்போகிற முகத்துக்கு ஒருவன் தினமும் பவுடர் பூசிக்கொண்டு வருவானா? இவன் வருவான். அதனால் பட்டறையில் அவன் பெயரே பவுடர். வேலை தெரிந்தவன்தான், அதில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் வினையாகிப்போனது. ஒரு வாடிக்கையாளரிடம் பேச்சுவாக்கில், "அண்ணனுக்கு வயசாச்சுங்க, கை முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லியிருக்கிறான். கேட்டவர் அதைச் சூடு ஆறாமல் குறடிடம் கொண்டுவந்து கொடுத்தார். குறடு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அதன்பிறகு பல வருஷங்களாகச் சகலையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பவுடரும் ஏட்டிக்குப் போட்டியாக வாயை மூடிக்கொண்டான்.

பட்டறையைப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மாமனார் விட்டுப்போன கொட்டகையில் ஒரு வண்டி நிற்கத்தான் இடம். நடுவில் சுவர் எழுப்பினால் அந்த ஒரு வண்டியும் நுழையாது. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழியும் ஒன்றுதான். கடைசியில் இந்த இரண்டு புத்திசாலிகளும் பட்டறையை விட்டுவிட்டு வண்டியையே பங்கு போட்டார்கள். குழியில் நின்று அண்ணாந்து செய்கிற வேலையெல்லாம் குறடுக்கு. பானட்டைத் திறந்து குனிந்து செய்கிற வேலையெல்லாம் பவுடருக்கு. வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் இடுப்பில் ஒரு எல்லைக்கோடு உண்டு.

அப்படியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லியே ஆகவேண்டிய விஷயங்கள் இருக்குமே? அதற்குச் சாடைப் பேச்சு. பவுடர் ரேடியேட்டரைப் பார்த்து, "கீழே ஒரு போல்ட்டைத் தளர்த்தினா இது வந்துரும்" என்பான். குறடு குழிக்குள் நின்றபடி சுவரிடம், "தளர்த்தியாச்சு" என்பார். முகம் பார்க்கக் கூடாது, பதில் என்று தெரிகிற மாதிரி பதில் சொல்லக் கூடாது. இதில் ஒரு சவுகரியமும் இருந்தது. பிடித்ததைக் காதில் வாங்கிக்கொள்ளலாம், பிடிக்காததைக் காற்றோடு விட்டுவிடலாம்.

ஒருமுறை பவுடர் காற்றைப் பார்த்து, "பின்சக்கர நட்டு சரியா இறுகலை போலிருக்கே" என்றான். குறடு பதறிப்போய் எல்லா நட்டையும் மறுபடி சோதித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பவுடரும் வாடிக்கையாளரும் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதற்குப் பிறகு பவுடர் காற்றிடம் சொல்வதில் பாதியைக் குறடு காற்றுக்கே விட்டுவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள். கொஞ்சமும் சிரிப்பு இல்லாத பெண், அப்பாவின் கோபம் அப்படியே வந்திருந்தது. சின்னதாக ஒரு டர்போ காரும் பின்னால் ஒரு டிரெய்லரும் வைத்துக்கொண்டு, கீழே ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மலைமேல் இருக்கும் ஹோட்டல்களுக்கு மீன் ஏற்றிக்கொண்டு போவாள். கம்ப்யூட்டரெல்லாம் வைத்த பெரிய பட்டறை ஊருக்கு வெளியே வந்த பிறகும் அவள் அங்கே போகவில்லை. "எங்க அப்பா கை படாத வண்டியை நான் மலையில ஏத்தமாட்டேன்" என்று யாரிடமோ சொல்லியிருந்தாள். அது குறடின் காதுக்கு வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை நாளும் பவுடர் முன்னால் தலைநிமிர்ந்து நடமாடினார். மற்றவர்கள் அவர் கையைப் பற்றி என்ன சொன்னால் என்ன, உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவள் சொல்லிவிட்டாள் அல்லவா?

அவள் ஒருநாள் காலையில் வண்டியைக் கொண்டுவந்து குழிமேல் நிறுத்தினாள்.

"ஏத்தத்துல ஆயில் லைட்டு கண்ணு சிமிட்டுதுப்பா. வளைவு வளைவுக்கு சிமிட்டுது. மேல போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு உயிரே இல்ல."

குறடுக்கு உடனே விளங்கிவிட்டது. சின்ன எஞ்சின், பின்னால் ஐஸும் மீனுமாகப் பாரம், செங்குத்தான ஏற்றம். டர்போ என்பது புகைச்சூட்டிலேயே கிடந்து சுழல்கிற சாமான். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம்தான். அந்த ஆயில் கொதித்துக் கொதித்துத் தண்ணீராக இளகிவிட்டால் அழுத்தம் எப்படி நிற்கும்?

"ஆயில் கூலர் போட்டுரலாம். ரேடியேட்டருக்கு முன்னால காத்து படுற மாதிரி அது நிக்கும். ஆயில் அதுக்குள்ள போய் ஆறிட்டு எஞ்சினுக்குத் திரும்பும்."

பவுடர் பானட்டிடம் பேசினான். "கெட்டி ஆயில் ஊத்தினா போதும். சும்மா இருக்கிற எஞ்சினை எதுக்குத் துளைக்கணும்?"

"துளைக்கிறதாம்! ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல ஒரு பிளேட்டு வைக்கிறதுக்குப் பேரு துளைக்கிறதாம்" என்று குறடு சுவரிடம் சொன்னார்.

மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்கிட்ட பேசுங்க. கூலரே போடுங்க. அப்பா சொன்னா சரிதான்."

சொல்லிவிட்டு டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்கு நடந்தே போனாள். குறடு குழிக்குள் இறங்கும்போது அவர் நடையில் ஒரு மிடுக்கு தெரிந்தது. பவுடருக்கு அது பிடிக்கவில்லை என்பதை அவன் பானட்டைத் திறந்த சத்தமே சொன்னது.

ஆனால் பாருங்கள், இவ்வளவு நாள் எந்த வேலையும் செய்யாத அக்கிரமத்தை இந்த ஆயில் கூலர் செய்தது. கூலர் நிற்பது மேலே, கிரில்லுக்குப் பின்னால், பவுடர் ராஜ்ஜியம். பிளேட் உட்காருவது கீழே, குறடு ராஜ்ஜியம். இரண்டையும் இணைக்கிற ஹோஸ்கள் எல்லையைக் கடந்தே ஆகவேண்டும். போதாக்குறைக்கு அந்த வண்டியில் ஃபில்டர் இருந்த இடம் மேலிருந்து கைவிட்டாலும் எட்டும், கீழிருந்து நீட்டினாலும் எட்டும். எல்லைத் தகராறுக்கென்றே எவனோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது.

முதல் ஹோஸ் இறங்கியபோது இருவர் கையும் ஒரே இடத்தில் அதைப் பிடித்தன. நெருப்பைத் தொட்டவர்கள் போல இருவரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். ஹோஸின் பித்தளை முனை குறடின் மூக்கிலேயே இறங்கியது. மேலே ஒரு கனைப்பு கேட்டது. அது சிரிப்பை அடக்குகிற கனைப்பு என்று குறடுக்குத் தெரியும். மூக்கைத் தடவிக்கொண்டே கறுவினார்.

அடுத்தது ஃபில்டர். அதைக் குறடு கழற்றியிருக்க வேண்டும். அவர் டார்ச்சை எடுத்து வாயில் கவ்வுவதற்குள் பவுடர் மேலிருந்து கைவிட்டுத் திருகி உருவிக்கொண்டு போய்விட்டான். கறுப்பு ஆயில் குறடின் தோளில் சொட்டியது.

ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் ரிங் இருக்கும். அதுதான் ஆயில் கசியாமல் அடைப்பது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த ரிங் சூட்டில் இளகி பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதுசை ஏற்றினால் ரிங்மேல் ரிங் உட்காரும். பட்டறையில் நிற்கும்போது ஒரு சொட்டுகூடக் கசியாது, உத்தமன் மாதிரி நிற்கும். அழுத்தம் ஏறினால் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், மொத்த ஆயிலும் ரோட்டில் போகும். அதனால் கொஞ்சமாவது வேலை தெரிந்தவன் விரலால் அந்த இடத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் எதையும் ஏற்றமாட்டான். குறடு வாழ்நாள் முழுக்க அப்படித் தடவிப் பார்த்தவர்தான். அன்றைக்கும் விரலை உயர்த்திவிட்டார்.

அப்போது பக்கத்தில் கம்ப்ரெசர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மேலே பவுடர் காற்றிடம் சொன்னான்: "ஃபில்டரோட ரிங்கு வரலை. பிளாக்குலயே ஒட்டிக்கிட்டு நிக்குது போல."

குறடுக்குத் தெளிவாகக் கேட்டது.

உயர்ந்த விரல் அப்படியே நின்றது. எனக்கு இவன் பாடம் எடுக்கிறானா? ரிங் பார்க்கணும் என்பது எனக்குத் தெரியாதா? இப்போது தடவிப் பார்த்தால், இவன் சொல்லித்தான் பார்த்தேன் என்று ஆகிவிடும். நட்டு விஷயத்தில் ஆட வைத்த மாதிரி இன்னொரு ஆட்டம் காட்டப் பார்க்கிறான். நாளைக்கு டீக்கடையில், "நான் சொல்லலேன்னா அண்ணன் கோட்டை விட்டிருப்பாரு" என்பான். போடா, உன் பவுடர் மூஞ்சியும் நீயும்.

விரலை இறக்கினார். புது ரிங் பொருத்திய பிளேட்டைத் தூக்கி வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

மேலே இருந்தவன் மட்டும் என்ன யோக்கியம்? தான் சொன்னது கம்ப்ரெசர் சத்தத்தில் கேட்டிருக்குமா என்று அவனுக்கும் சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். குனிந்து, "அண்ணே, ரிங்கைப் பாருங்க" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியாச்சு, இனி அவர் பாடு என்று ஃபில்டரைத் தகர டிரம்முக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூலரின் போல்ட்டுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கூலரும் ஹோஸ்களும் குடித்த ஆயிலுக்கு ஈடாக மேலும் ஊற்றினார்கள். எஞ்சின் பற்றாமலே சுழலவிட்டு, ஆயில் லைட்டு அணைந்த பிறகு கிளப்பினார்கள். ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்பு, பிளேட்டின் ஓரம் காய்ந்த துணிபோல் கிடந்தது. மதியத்துக்கு மேல் வந்த மகள் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். டிரெய்லரை மாட்டிக்கொண்டு மீன் ஏற்றப் புறப்பட்டுப் போனாள்.

குறடு கையைக் கழுவினார், நிதானமாக டீ குடித்தார். மனம் நிறைந்திருந்தது. பழைய ஃபில்டரை டிரம்மில் போடலாம் என்று கையில் எடுத்தார். ஃபில்டரின் வாய் தெரிந்தது. ரிங் இருக்கவேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது.

உடனே மகளுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது; வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள், அப்படிப் பழக்கியவரே அவர்தான். பட்டறையில் அப்போது ஓடுகிற நிலையில் இருந்தது பவுடரின் பைக் ஒன்றுதான். பவுடர் வாசலில் உட்கார்ந்து கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்!"

பல வருஷத்துக்குப் பிறகு நேராக அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பவுடர் தூக்கிவாரிப்போட எழுந்தான். குறடு ஃபில்டரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பைக்கை எடு."

"அப்ப நீங்க பாக்கலையா?" பவுடருக்கு முகம் வெளுத்தது, பூசியது போதாதென்று. "நான்தான் சொன்னேனே!"

"எடுடா வண்டியை!"

மலைப்பாதை முழுக்க இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். அத்தனை வருஷத்துச் சேமிப்பு. காற்று எதிரே அடித்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சொல்றவன் ஒழுங்கா சொல்லியிருக்கணும்!"

"உங்ககிட்ட ஒழுங்கா பேசினா நீங்க பதில் சொல்லிட்டுத்தான் மறு வேலை பாப்பீங்களா? செத்த எலியைப் பாக்கற மாதிரி பாப்பீங்க!"

"என் கை போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னவன் நீ!"

"ஒரு தடவை சொன்னேன்! ஒரே தடவை! அதுக்கு எத்தனை வருஷம்ங்க? எங்கக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட முடியுதா உங்களால?"

"உன் பொண்டாட்டி எப்படிடா உனக்கு அக்கா தங்கச்சி?"

"அய்யோ, அவங்க ரெண்டு பேரையும்தான் சொல்றேன்! அதுலயும் குத்தம் கண்டுபிடிங்க!"

ஒரு வளைவில் பைக்கின் பின்சக்கரம் வழுக்கியது. பவுடர் காலை ஊன்றி நிறுத்தினான். ரோட்டின் நடுவே கறுப்பாகப் பளபளவென்று ஒரு கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. இருவரும் வாயை மூடினார்கள்.

வளைவைத் தாண்டிச் சாலை அகலமாகிற இடத்தில் கார் ஓரமாக நின்றது. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்திருந்தது. ஐஸ் உருகி அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. மகள் முழங்கை வரை கரியோடு நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்ததும் குறடு பைக்கிலிருந்து இறங்கினார். சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ரிங்குப்பா" என்றாள். "கீழ படுத்துப் பாத்தேன். பழசு வெளிய பிதுங்கித் தொங்குது."

"உடனே அணைச்சியா?" என்றார் குறடு.

"எப்படி அணைக்கிறது? பின்னாடியே ஆள் நிறைஞ்ச பஸ்ஸு. வளைவுல நின்னிருந்தா டிரெய்லரோட உருண்டு அவங்க மேல போயிருப்பேன். சிவப்பு லைட்டைப் பாத்துக்கிட்டே இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள உள்ள தட்ட ஆரம்பிச்சிருச்சு."

அந்தத் தட்டல் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். டர்போ போயிருக்கும், எஞ்சின் உள்ளே பேரிங்கும் போயிருக்கும். அவள் பிழைப்பே அந்த எஞ்சின்தான்.

"ஃபில்டரைக் கழட்டினது யாரு?"

"நான்தாம்மா" என்றான் பவுடர்.

"ரிங் வரலைன்னு பாக்கலையா சித்தப்பா?"

"பாத்தேன். சொன்னேன்."

"யார்கிட்ட?"

பவுடர் பள்ளத்தாக்கைப் பார்த்தான். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

குறடு வாயைத் திறக்குமுன் பவுடர் குறுக்கே விழுந்தான். "கம்ப்ரெசர் ஓடிட்டிருந்துச்சும்மா. அண்ணனுக்குக் கேட்டிருக்காது."

தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டான். குறடுக்கு அது நன்றாகப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும்: வயசாகிவிட்டது, காது மந்தம், தெரியாமல் நடந்த பிசகு. மகள் நாலு திட்டுத் திட்டுவாள், பிறகு ஆறிவிடுவாள். வண்டி மறுபடி அதே குழிமேல் வந்து நிற்கும். ஆனால் அந்த நேரத்திலும் அவருக்குள் முதலில் எழுந்தது கோபம்தான். அன்றைக்குக் கையைச் சொன்னான், இன்றைக்குக் காதைச் சொல்கிறானா? இவன் யார் எனக்கு மாப்பு கொடுக்க?

"என் காதுக்கு ஒண்ணும் கேடில்ல" என்றார். "அவன் சொன்னது முழுசா விழுந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது.

"விழுந்துச்சா?" என்றாள் மகள், மெதுவாக. "விழுந்துமா தடவிப் பாக்கலை?"

"இவன் சொல்லி நான் பாக்கணுமான்னு…"

அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் சுட்டது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தினால் நன்றாக இருக்கும், பதிலுக்குக் கத்தலாம், அது அவருக்குப் பழகிய வேலை. அவள் கத்தவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"டிரெய்லரோட ஒரு கார் தூக்கணும். மலைமேல. ஆமா, உங்க பட்டறைக்குத்தான்."

ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பெரிய பட்டறைதான். குறடு இரண்டடி முன்னால் போய்ப் பானட்டின்மேல் கை வைக்கப்போனார்.

"சூடு ஆறட்டும்மா. நான் ஒரு தடவை பிரிச்சுப் பாத்து…"

"தொடாதீங்க."

கை அப்படியே நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, பவுடரைப் பார்த்துச் சொன்னாள்.

"சித்தப்பா, அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

நேரெதிரே, கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தார். தன்னிடம் சொல்லவேண்டியதை அவள் வேறொருவரிடம் சொல்கிறாள் என்பது புரியக் குறடுக்குக் கொஞ்சம் நேரமானது. "அம்மாடி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் குனிந்து டிரெய்லருக்கு முட்டுக்கொடுத்த கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுடர் பைக்கைத் திருப்பினான். குறடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதித் தூரம் இறங்கியபோது வண்டி தூக்குகிற லாரி எதிரே முனகிக்கொண்டு ஏறி வந்தது. குறுகலான இடம் என்பதால் பவுடர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். லாரி டிரைவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு மேலே போனான்.